பழைய ரயில் நிலையக் கட்டடத்தை இடிக்காதீர்கள், படிக்கிற பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலம் ரயில்வே கோட்டத்தில் நிலையங்களைப் புதுப்பிக்கும் வேலை பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. அம்ரித் பாரத் திட்டத்தில் சேலம் ஜங்ஷன், பொம்மிடி, மொரப்பூர், சாமல்பட்டி, சின்னசேலம் என்று வரிசையாக வேலை எடுத்திருக்கிறார்கள். புது முகப்பு, லிஃப்ட், வண்டி நிறுத்த இடம் எல்லாம் வரட்டும், சந்தோஷம்தான், வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் புதுக் கட்டடம் எழும்பியதும் பக்கத்தில் நிற்கிற பழைய கட்டடத்தின் கதி என்ன என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் வாழப்பாடியில் ஜெராக்ஸ், இ-சேவை கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் வழியாகப் போவது சேலம் - விருத்தாசலம் பாதை. அயோத்தியாபட்டணம், பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல் என்று போகும். வெகுகாலம் மீட்டர் கேஜ் வண்டி ஓடிய தடம் இது, 2000களில்தான் அகலப் பாதை ஆனது. மீட்டர் கேஜில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர், அகலப் பாதையில் 1,676 மில்லிமீட்டர். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். ஆனால் தடம் அகலமானால் பெட்டி அகலமாகும், நடைமேடை உயர வேண்டும், நீள வேண்டும், சிக்னல் அறை வேறு மாதிரி வேண்டும். அதனால் பல இடங்களில் பழைய கட்டடத்தைப் பழுது பார்ப்பதைவிடத் தள்ளிப் புதிதாகக் கட்டுவதே சுலபம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பழையது அப்படியே பூட்டிக் கிடக்கும். பூட்டின கட்டடத்துக்கு முதலில் கதவு போகும், அப்புறம் ஓடு போகும், கடைசியில் 'அபாயகரமான கட்டடம், அருகில் செல்லாதீர்' என்று பலகை வரும். பலகை வந்துவிட்டால் அடுத்தது ஜேசிபிதான்.

எங்கள் பாதையில் அப்படி ஒரு கட்டடம் இருக்கிறது. நிலையத்தின் பெயரை எழுதவில்லை, எழுதினால் அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குத் தேவையில்லாத தொல்லை வரும், அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இரண்டு அறை, முன்னால் ஒரு நீளத் தாழ்வாரம், மேலே மங்களூர் ஓடு. தாழ்வாரத்தைத் தாங்குகிற தூண்கள் மரமும் இல்லை, கல்லும் இல்லை, பழைய தண்டவாளங்களையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் துருவைத் துணியால் துடைத்துப் பார்த்தால் புடைப்பு எழுத்துகள் தெரியும், எந்த உருக்காலையில் எந்த ஆண்டு உருட்டியது என்று தண்டவாளத்திலேயே அச்சு இருக்கும். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலின் தேக்குப் பலகை நடுவில் மட்டும் பள்ளமாகத் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, எத்தனை பேர் அதன்மேல் சில்லறையை வைத்துத் தள்ளி அட்டை டிக்கெட்டை வாங்கியிருப்பார்கள்! உள்ளே ஸ்டேஷன் மாஸ்டர் அறையில், அடுத்த நிலையம் வரை வண்டி போக அனுமதி கொடுக்கிற டோக்கன் கருவி இருந்த இடத்தில் சுவரில் நான்கு போல்ட் துளைகள் இருக்கின்றன. வெளியே ஒரு பெரிய வேப்பமரம், அதைச் சுற்றி சிமென்ட் திண்ணை.

கூரையில் ஒரு மூலையில் ஓடு உடைந்திருக்கிறது. அந்த மூலைக்குக் கீழேதான் சுவர் கெட்டிருக்கிறது, மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது. கெட்டுப்போனதற்கும் மழை மட்டும் காரணம் இல்லை. என் அப்பா கொத்தனாராக இருந்தவர், அவரோடு சித்தாள் வேலைக்குப் போய்ப் பழகியதால் எனக்கு இது கண்ணில் பட்டது. பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. சுண்ணாம்பை நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசின சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் எப்போதோ யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கின ஈரம் செங்கல்லைத் தின்கிறது, கை வைத்தால் மாவாகக் கொட்டுகிறது. அதாவது பழுது பார்க்கிறேன் என்று செய்த வேலைதான் கட்டடத்தைக் கெடுத்திருக்கிறது. சிமென்ட் பூச்சை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்புக் காரை பூசி, உடைந்த ஓடுகளை மாற்றி, மழைநீர் ஓடுகிற தகரக் குழாயைச் சரிசெய்தால் அந்தக் கட்டடம் நம் பேரன் பேத்தி காலத்துக்கும் நிற்கும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம், சுண்ணாம்பு வேலை தெரிந்த இரண்டு கொத்தனார்களும் கோடையில் கொஞ்ச நாளும் போதும்.

சரி, நிற்க வைத்து என்ன செய்வது? இங்கேதான் என் கடைக்கு வருகிற பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4, காவலர் தேர்வு, ரயில்வே தேர்வு, வங்கித் தேர்வு, எதற்கு அறிவிப்பு வந்தாலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து எங்களிடம்தான் விண்ணப்பம் போட வருகிறார்கள். போட்டோ அளவு சரியில்லை, கையெழுத்து ஏறவில்லை என்று காத்திருக்கும் நேரத்தில் பேச்சு வரும். எங்கே படிக்கிறாய் என்று கேட்டால் வருகிற பதில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். வீட்டில் ஒரே அறை, டிவி ஓடும். கோயில் மண்டபத்தில் உட்காரலாம், பூசை நேரத்தில் எழுந்துவிட வேண்டும். சேலத்தில் தனியார் படிப்பு அறைகள் இருக்கின்றன, மாதக் கட்டணம் கட்ட வேண்டும், அதோடு பஸ் செலவு. ஆண் பிள்ளைகள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் நிலைமை வேறு. சேலம் போய்ப் படித்துவிட்டு இருட்டின பிறகு பஸ் இறங்கினால் ஊரில் ஒரு கேள்வி, வீட்டில் ஒரு கேள்வி. நன்றாகப் படிக்கிற ஒரு பெண் இந்த ஒரே காரணத்துக்காகப் போவதை நிறுத்தினாள், அடுத்த அறிவிப்புக்கு அவள் விண்ணப்பம் போட வரவே இல்லை. அது எனக்கு இன்னும் மனதில் உறுத்துகிறது.

தமிழ்நாடு அரசு நகர்ப்புறங்களில் அறிவுசார் மையங்கள் என்று நூலகத்தோடு கூடிய படிப்பகங்களைக் கட்டித் திறந்திருக்கிறது. நல்ல காரியம், அங்கே இடம் பிடிக்கப் பிள்ளைகள் காலையிலேயே வந்து உட்காருகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அதே மாதிரி ஒன்று எங்களைப் போன்ற சின்ன ஊர்களுக்கு வேண்டும் என்றால், இடம் இல்லை, கட்டடம் இல்லை என்கிறார்கள். கட்டடம் ரயில் தடத்தின் ஓரமாகப் பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர் இணைப்பு இருக்கிறது, மின்கம்பம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, நடந்து போகிற தூரத்தில் பஸ் நிற்கிறது. ரயில்வே தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு ரயில்வே கட்டடத்திலேயே ஒரு மேசை நாற்காலி கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

உலகத்தில் இது புதுசு ஒன்றும் இல்லை. பாரிஸில் 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியை ஒட்டித் திறந்த ஓர்சே நிலையம் இருக்கிறது. வண்டிகள் நீளமாகிக்கொண்டே போக, அதன் நடைமேடைகள் போதாமல் 1939லேயே நெடுந்தூர வண்டிகள் அங்கே வருவது நின்றுவிட்டது. எங்கள் பாதையில் நடந்ததும் கிட்டத்தட்ட அதே கதைதான், கட்டடம் கெட்டுப்போகவில்லை, வண்டி வளர்ந்துவிட்டது. ஓர்சேயை இடித்துவிட்டு ஹோட்டல் கட்டலாம் என்றுகூடப் பேச்சு இருந்தது. இடிக்காமல் காப்பாற்றி, 1986 டிசம்பரில் கலை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள், இன்று உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் போய்ப் பார்க்கிறார்கள். முகப்பிலிருந்த பெரிய கடிகாரத்தைக்கூட எடுக்கவில்லை.

பாரிஸ் தூரம், சிங்கப்பூர் நமக்குப் பக்கம். நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள், அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மலேசிய ரயில் அந்தத் தீவுக்குள் ஓடிக்கொண்டிருந்த வழியில் புக்கிட் தீமா என்று ஒரு சின்ன நிலையம், 1932இல் கட்டியது. 2011இல் அந்த வழியில் ரயில் நின்றது. நிலம் தங்கத்தைவிட விலை போகிற ஊர் அது, மாடி மாடியாகக் கட்டி விற்றிருக்கலாம். செய்யவில்லை. தண்டவாளம் போன சுமார் 24 கிலோமீட்டர் தடத்தையும் நடைபாதையாக, பசுமைப் பாதையாக வைத்துக்கொண்டார்கள். நிலையக் கட்டடத்தைப் பழைய சாயலிலேயே சீரமைத்து 2022இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஊழியர் குடியிருப்பு இருந்த இடத்தில் ஒரு காப்பிக் கடை. நடக்கப் போகிறவர்கள் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள், குழந்தைகள் விளையாடுகிறார்கள். இந்த உதாரணம் எனக்கு ஓர்சேயைவிடப் பிடிக்கிறது. ஏனென்றால் அது நம் ஊர் நிலையங்களைப் போலவே சின்னக் கட்டடம், அரண்மனை இல்லை.

அருங்காட்சியகமாக ஆக்கலாமே என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். சென்னை பெரம்பூரில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, திருச்சியிலும் இருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் ஒவ்வொரு சின்ன ஊரிலும் அருங்காட்சியகம் வைத்தால் திறப்பு விழாவுக்குக் கூட்டம் வரும், அடுத்த மாதம் ஆள் வராது, டிக்கெட் கொடுக்க ஊழியர் போட முடியாது, மறுபடி பூட்டுத்தான். தினமும் ஆள் புழங்குகிற கட்டடத்தில்தான் ஓடு உடைந்தால் மறுநாளே யாராவது சொல்வார்கள். நான் படிப்பகம் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். வேண்டுமானால் சுவரில் நான்கு பழைய படங்களை மாட்டுங்கள், ஒரு அலமாரியில் அட்டை டிக்கெட், கைவிளக்கு, பச்சைக் கொடி சிவப்புக் கொடி வையுங்கள். படிக்க வருகிற பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்போது கண்ணில் படட்டும்.

எல்லா நிலையத்துக்கும் இதையே சொல்லவும் மாட்டேன். ராயபுரம் நிலையம் 1856இல் திறந்தது, இந்தியாவில் இன்று நிற்கிற நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது, தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அதே மதராஸ் ரயில்வே கம்பெனியின் தடம்தான் நீண்டுகொண்டே வந்து 1860களின் தொடக்கத்தில் சேலத்தைத் தொட்டு, சங்ககிரி, ஈரோடு, போத்தனூர் வழியாகக் கேரளத்தின் பேப்பூர் கடற்கரை வரைக்கும் போனது. ராயபுரத்தில் இன்றும் வண்டி நிற்கிறது. அங்கே இன்னும் நிறைய வண்டி விட வேண்டும் என்று வடசென்னை மக்கள் கேட்பது முழுக்க நியாயம், வண்டி நிற்கிற வரைக்கும் ஒரு நிலையத்துக்கு அதைவிட நல்ல உபயோகம் கிடையாது. நான் சொல்வது வண்டி கைவிட்ட கட்டடங்களைப் பற்றி மட்டும்.

நம் சேலத்துக்கு இழந்த அனுபவம் நிறையவே இருக்கிறது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தில் இன்று அந்த முகப்பு வளைவு மட்டும்தான் நிற்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த வளாகம் அது. வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்தி வளைவோடு படம் எடுத்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள், வீடுகள்தான் இருக்கின்றன என்று சொல்ல வேண்டியிருக்கிறது. முழுசாக இருந்த காலத்தில் யாராவது ஒரு படப்பிடிப்புத் தளத்தையாவது ஊருக்கென்று கேட்டு வாங்கியிருக்கலாம் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தோன்றும். ரயில்வே கட்டடங்கள் விஷயத்தில் இன்னும் கேட்கிற நேரம் இருக்கிறது.

கேட்டும் பார்த்தோம். ஊரில் சில பேர் சேர்ந்து மனு எழுதி ஒரு அலுவலகத்தில் கொடுத்தோம். இது எங்கள் பிரிவு இல்லை என்று இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால், கட்டடம் உபயோகத்துக்குத் தகுதியற்றது என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். யார் வந்து பார்த்து எழுதினார்கள், எந்தச் சுவர் தகுதியற்றது, பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டார்களா என்று கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை. பதில் சொன்னவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர் கையில் அதிகாரம் இல்லை, அவ்வளவுதான். அதிகாரம் இருக்கிறவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

வழி இல்லாமல் இல்லை. 2022 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ரயில்வே நிலக் குத்தகைக் கொள்கையைத் திருத்தியது. சரக்கு முனையம் அமைக்கிறவர்களுக்கு நிலத்தின் சந்தை மதிப்பில் ஆண்டுக்கு 1.5 சதவீதம் வாடகை, 35 ஆண்டுகள் வரை குத்தகை என்று வைத்தார்கள். அதே கொள்கையில், தனியார் பங்களிப்போடு வரும் மருத்துவமனைகளுக்கும் கேந்திரிய வித்யாலயா பள்ளிகளுக்கும் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 1 ரூபாய் என்று இருக்கிறது. ஒரு ரூபாய்! அந்த வரிசையில் பொது நூலகத்தையும் படிப்பகத்தையும் சேர்த்துவிட்டால் போதும். 150 சதுர மீட்டர் உள்ள ஒரு பழைய கட்டடத்துக்குப் பேரூராட்சி கட்ட வேண்டிய வாடகை ஆண்டுக்கு 150 ரூபாய்தான் வரும். பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம் என்று மனசு வந்தவர்களுக்குப் பள்ளி முடித்த பிள்ளைகள் படிக்கிற இடத்துக்குக் கொடுக்க மனசு வராதா? இதை டெல்லியில் எடுத்துப் பேச வேண்டியவர்கள் நம் மக்களவை உறுப்பினர்கள். ஆத்தூர், கெங்கவல்லி, ஏற்காடு சட்டமன்றத் தொகுதிகள் கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் வருகின்றன, அதனால் சேலம் உறுப்பினர் மட்டும் இல்லை, கள்ளக்குறிச்சி உறுப்பினரும் சேர்ந்து பேச வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பாதை இரண்டு பேருக்கும் நடுவில் விட்டுப்போகும்.

பணத்துக்கும் புதுசாகக் கை நீட்ட வேண்டியதில்லை. சென்னை மாகாணத்தில் 1948இலேயே பொது நூலகச் சட்டம் வந்தது, இந்தியாவில் முன்னோடியான சட்டம். அந்தச் சட்டப்படி நாம் எல்லோரும் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டிக்கொண்டிருக்கிறோம், ரூபாய்க்குப் பத்து பைசா. ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருக்கும். அந்தப் பணத்தில் மேசை, நாற்காலி, புத்தகம், ஒரு நூலகர் என்று நூலகத் துறை செய்யலாம். கட்டடப் பழுதை ரயில்வேயும் பேரூராட்சியும் பகிர்ந்துகொள்ளலாம்.

பாதுகாப்பு என்று ஒரு கேள்வி வரும் என்பது தெரியும், அது வெறும் சாக்கு இல்லை, நியாயமான கவலை. ரயில் ஓடுகிற தடத்தின் பக்கத்தில் பொதுமக்களை உட்கார வைக்க முடியுமா என்று கேட்பார்கள். தடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மதில் எழுப்பி, வாசலைச் சாலைப் பக்கம் மட்டும் வைக்க வேண்டும், தடத்தைத் தாண்டி வருகிற குறுக்கு வழியை அடைக்க வேண்டும். பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்துக்கு அடியில் இன்றைக்கும் புறநகர் ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மேலே மக்கள் ஓவியம் பார்க்கிறார்கள். எங்கள் பாதையில் ஒரு நாளைக்கு ஓடுகிற வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், சத்தமும் ஒரு பெரிய விஷயம் இல்லை. பஸ் நிலையம் பக்கத்தில் இருக்கிற என் கடையில் அதைவிடச் சத்தம் அதிகம்.

அப்புறம் பெண் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. கழிப்பறை சுத்தமாக, தாழ்ப்பாள் உள்ளதாக இருக்க வேண்டும். வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் தெருவிளக்கு எரிய வேண்டும். காலை 6 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடுகிற மாதிரி வைத்தால் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களும் வருவார்கள். மில்லுக்கும் ஜவுளிக் கடைக்கும் போய்வந்து படிக்கிற பெண்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர்.

சேலம் கோட்ட அதிகாரிகளுக்கு என் கோரிக்கை இதுதான். விருத்தாசலம் பாதையில், ஜோலார்பேட்டை பாதையில், மேட்டூர் பாதையில் உபயோகத்தில் இல்லாத பழைய நிலையக் கட்டடங்கள் எவையெவை என்று ஒரு பட்டியல் எடுத்து வெளியிடுங்கள். பட்டியல் வந்து, அந்தந்த ஊர் மக்களின் கருத்தைக் கேட்கிற வரைக்கும் எதையும் இடிக்க வேண்டாம். இடித்தே தீர வேண்டும் என்றால், சுண்ணாம்புக் கட்டடங்களைச் சீரமைத்துப் பழக்கம் உள்ள பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்த பிறகு இடியுங்கள். முதல் கட்டமாக ஒரே ஒரு கட்டடத்தைப் படிப்பகமாக ஆக்கிப் பாருங்கள். எங்கள் ஊரே வேண்டும் என்றுகூட இல்லை, ஆத்தூராக இருந்தாலும் சரி, பொம்மிடியாக இருந்தாலும் சரி.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் சேலம் நிருபர் ஒருவரை அனுப்பினால் அந்தக் கட்டடத்தை நானே கூட வந்து காட்டுகிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வந்தால் நல்லது. அந்த மூலையில் ஓடு மாற்றாமல் இன்னொரு ஐப்பசி போனால் சுவர் தாங்காது.

இப்படிக்கு,
இ-சேவை கடை நடத்தும் ஒரு வாசகர்,
வாழப்பாடி, சேலம் மாவட்டம்.